பீலிக்கு வெளியே

காலை ஐந்து ஐம்பது. சந்தியில் முதலில் கண்டது தண்ணீர். ஆள் இல்லை, வாளி இல்லை, குடம் இல்லை. கிணற்றடி மதிலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கல் பீலியால் ஒரு மணிக்கட்டின் மொத்தத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. புதிதாகப் பதித்த மாபிளில் பட்டுத் தெறித்து வீதியோரக் கானுக்குள் இறங்கியது. கான் நிறைந்து, தார் வீதியைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்து வெளிக்குள் போனது. அந்த வெளியில் உப்புப் பூத்திருக்கும். அதற்கு அப்பால் கடல். ஒரு நாய் வீதி நடுவில் நின்று தாரை நக்கியது. மதிலுக்கு உள்ளே மோட்டர் இரைந்தது.

ஆவணி மாதம். புங்குடுதீவில் மழை பெய்து பல மாதங்கள் ஆகியிருந்தன. முகம் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுகிற காலம் அது. அந்தக் காலத்தில், அந்த இடத்தில், நல்ல தண்ணீர் வீதியில் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் பின்னேரம்தான் திருத்திய கிணற்றுக்குத் திறப்பு விழா. இரும்புக் கேற்றின் இரண்டு பக்கமும் கட்டிய வாழைகள் இன்னும் வாடவில்லை. கேற்றில் ஆமைப்பூட்டு. வீதிக்கு மற்றப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை திறந்திருந்தது. கடைக்கார அக்கா வாசலில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணம் போகும் முதல் பஸ்ஸுக்கு முன் அவருடைய தேத்தண்ணி குடிப்பது என் பழக்கம்.

“விடிய விடிய ஓடினதோ?” என்று கேட்டேன்.

“ஓம். நிப்பாட்ட, பூட்டுத் திறப்பு என்னட்டையோ கிடக்கு?”

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல தேத்தண்ணி. அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருந்தது என்று இனி எழுதவேண்டும்.

தீவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நிலத்துக்குக் கீழே ஆறு இல்லை, ஊற்று இல்லை. மாரியில் பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அந்தப் படையைத்தான் குடிக்கிறோம். வாளியால் அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். அவசரப்பட்டு இழுத்தால் மேலே இருப்பது முடிந்து கீழே இருப்பது ஏறும். ஏறினால் லேசில் இறங்காது. அதனால்தான் எங்கள் சந்திக் கிணற்றில் மத்தியானத்தில் கயிற்றைக் கழற்றிக் கப்பியின் மேல் சுற்றி வைப்பார்கள். கிணறு ஊறட்டும் என்று. வெயில் சாயும்வரை எவரும் அதைத் தொடமாட்டார்கள். இது ஒரு இரகசிய அறிவு அல்ல. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும், பட்டதாரிக்கும் தெரியும். கிணற்றைத் திருத்தின குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் கோபப்படுவது அதனால்தான். தெரியாமல் செய்தவர்களோடு கோபிக்க முடியாது.

கிணற்றைக் கட்டியது தெற்கே, சிங்கள ஊர்களில், கடை வைத்திருந்த ஒரு குடும்பம். எந்த ஆண்டு என்று சரியாகத் தெரியாது. தெரியும் என்கிறவர்கள் ஆளுக்கொரு ஆண்டு சொல்வார்கள். முருகைக்கல்லால் கட்டிய வட்டக் கிணறு. அதைச் சுற்றிக் கல் மேடை. மேடையைச் சுற்றி நெஞ்சளவு மதில். மதிலுக்கு உள்ளே மாடுகள் குடிக்க நீளமான தொட்டி, அவை முதுகு உரஞ்சிக்கொள்ள ஒரு நட்ட கல். மாடுகள் வந்துபோக மதிலில் வாசல் விட்டிருந்தார்கள். வீதிப் பக்கத்து மதிலின் உட்புறத்தில் கிண்ணம்போல ஒரு குழி. அதற்குள் ஊற்றுகிற தண்ணீர், மதிலைத் துளைத்துச் செல்லும் கல் பீலியால் ஓடி வெளியே விழும்.

அந்தப் பீலி எதற்கு என்றும் எல்லாருக்கும் தெரியும். சந்திக் கிணறு பொதுக் கிணறு என்றுதான் பெயர். ஆனால் மேடையில் ஏறிக் கயிற்றைத் தொடச் சில சாதிகளுக்குத்தான் உரிமை. மற்றவர்கள் மதிலுக்கு வெளியே, பீலிக்குக் கீழே, குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே அள்ளுகிற யாராவது மனம்வைத்து ஒரு வாளியைக் குழிக்குள் ஊற்றினால் வெளியே தண்ணீர் விழும். ஊற்றாவிட்டால் விழாது. எங்கள் வீடு மேடையில் ஏறும் வீடு. என் அம்மா அள்ளும்போது நான் மேடையில் நின்றிருக்கிறேன். மதிலுக்கு மேலால் எனக்குத் தெரிந்தவை தலைகளும், தலைகளில் போட்டிருந்த சும்மாடுகளும். அம்மா முதலில் தொட்டியை நிரப்புவார். பிறகு எங்கள் குடங்கள். பீலிக்கு ஊற்றுவது கடைசியில்.

மாட்டுக்குத் தொட்டி மதிலுக்கு உள்ளே. மனிதருக்குப் பீலி மதிலுக்கு வெளியே. இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அளந்து பார்க்க விரும்புகிறவர் இன்றும் போய்ப் பார்க்கலாம்.

கடைக்கார அக்காவின் தாய் அந்தப் பீலியடியில் நின்றவர். என் தகப்பனாரை ‘நயினார்’ என்று கூப்பிட்டவர். மகள் என்னை ‘அண்ணை’ என்கிறார். இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரு யுத்தம் கிடக்கிறது. தீவை விட்டு எல்லாரும் ஓடினோம். மேடையில் ஏறியவர்கள் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாடுகளுக்கும் போனார்கள். பீலியடியில் நின்றவர்கள் அகதி முகாம்களுக்குப் போனார்கள். முகாம்களில் இருந்தவர்கள்தான் முதலில் திரும்பி வந்தார்கள், அவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. அக்கா வந்தபோது கிணற்றுக்குள் தகரமும் கம்பியும் செத்த பனை மட்டைகளும் கிடந்தன. புருஷனும் அவரும் இன்னும் இரண்டு குடும்பங்களும் இறைத்துத் துப்புரவாக்கினார்கள்.

“முதல் நாள் மேடையில ஏறேக்க கால் நடுங்கினது அண்ணை,” என்று ஒருமுறை சொன்னார். “கண்ணிவெடிக்கு இல்லை.”

“ஆரும் மறிச்சவையோ?”

“ஆர் மறிக்கிறது? மறிக்கிற ஆக்கள் எல்லாம் ரொறொன்ரோவில பனி வழிச்சுக்கொண்டு நிண்டவை.”

அந்தக் கிழமையே, வீட்டுத் திருத்தத்துக்குக் கிடைத்த சீமெந்தில் ஒரு பிடி குழைத்துக்கொண்டுவந்து, பீலியின் வாயைத் தும்பு வைத்து அடைத்துப் பூசிவிட்டார். இனி அதற்கு வேலையில்லை என்பது அவர் கணக்கு. பிறகு எதிரே தேத்தண்ணிக் கடை போட்டார். புருஷன் செத்த பிறகும் நடத்தினார். விடிய எழும்பி, மேடையில் ஏறி, தன் கையால் அள்ளிய தண்ணீரில் கேத்தல் வைப்பார். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற பஸ்காரர், யாழ்ப்பாணம் போகிற ஆசிரியர்கள், கிளினிக் போகிற நோயாளிகள், நயினாதீவுக்குப் போகிற தெற்கத்தி யாத்திரீகர் எல்லாரும் அந்தக் கடையில் நின்றார்கள். வேறு கடைகளும் இருந்தன. அங்கே தேத்தண்ணியில் ஒரு கரிப்பு இருக்கும். அக்காவின் கடையில் இருக்காது. கடையின் முதல் அதுதான்; வேறு முதல் இல்லை. மத்தியானத்தில் கயிற்றைக் கழற்றிச் சுற்றி வைத்ததும் அவர்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு சுவிஸ்காரர் வந்தார்.

கிணறு கட்டிய குடும்பத்தின் வாரிசு அவர். சிறு வயதிலேயே தீவை விட்டுத் தெற்கே போய், அங்கிருந்து சுவிஸுக்குப் போனவர். நல்ல மனிதர், இதை மனதாரச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக் கூரை அவர் போட்டது. கோயில் வாகனம் அவர் செய்வித்தது. ஊரில் எத்தனையோ செத்தவீடு அவருடைய காசில் நடந்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பாட்டனாரின் கிணற்றைத் திருத்த ஆசைப்பட்டார். ஒரு குழு உண்டானது. மாவட்டக் கச்சேரியில் அரச உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் செயலாளரானார். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு அக்காவும் வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார்.

சுவிஸ்காரர் போனை உயர்த்திப் படம் காட்டினார். ஒரு சின்ன ஐரோப்பிய ஊரின் சந்தி. நடுவில் கல் தொட்டி, சுற்றிப் பூச்சாடிகள். கல் தூணின் வாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இது நான் இருக்கிற ஊர் அண்ணை. சந்திக்குச் சந்தி இப்பிடி ஒண்டு நிக்குது. எங்கட பூட்டன் காலத்துக்கும் முந்தினது. இரவு பகல் ஓடும். ஆரும் குடிக்கலாம். நான் அங்க போன புதுசில, காசில்லாத நேரம், இதிலதான் வயிறு நிரப்பினனான்.”

அதைச் சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பு அல்ல.

“அந்த நேரம் நினைப்பன், எங்கட ஊரில இப்பிடி ஒண்டு இல்லையே எண்டு. இருந்திருக்கு அண்ணை! எங்கட ஊரிலயும் ஒண்டு இருந்திருக்கு!”

போனில் அடுத்த படம். பழையது. கோட்டும் தலைப்பாகையுமாக அவருடைய பாட்டனார் கிணற்றடி மதிலுக்கு முன்னால் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பீலி. பீலியால் தண்ணீர் விழுகிறது. பத்திரிகையில் இருந்த காலத்திலிருந்து படத்தின் நடுவைவிட ஓரத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஓரத்தில், பீலிக்குக் கீழே, இரண்டு கைகள் தெரிந்தன. ஏந்திய கைகள். வளையல் போட்ட ஒரு பெண்ணின் கைகள். முழங்கைக்கு மேல் படம் முடிந்துவிட்டது.

பூட்டப்பிள்ளைகளுக்குப் பேர்சொல்லும்படியாக அந்தப் பீலியைத் திரும்ப ஓடவைப்பது அவருடைய திட்டம். ஒரு மோட்டர், சுற்றிவர மாபிள், கறுப்புக் கல்லில் வரலாறு. எந்நேரமும் ஓடவேண்டும், சுவிஸில் ஓடுவதுபோல.

நான் எழும்பினேன். “அங்க மலையில இருந்து தண்ணி வருது. இங்க மலை எங்க இருக்கு?”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

“நீர் பேப்பரில இருந்த ஆள். உமக்கு நல்ல செய்தி செய்தியில்லைத்தானே,” என்றார். இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

“மோட்டர் போட்டு நாள்முழுக்க இழுத்தா உவர் ஏறும். இது உங்களுக்குத் தெரியாதோ?”

“சின்ன மோட்டர்தான்.”

“சின்ன மோட்டருக்குப் பெரிய கடல் பயமோ?”

முன்வரிசையில் அதிபர் இருந்தார். கமக்காரர் இருவர் இருந்தார்கள். தங்கள் தோட்டக் கிணற்றில் பகலில் அரை நேரம் மோட்டரை நிறுத்தி வைக்கிறவர்கள். கோயில் தர்மகர்த்தா இருந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தேன். அதிபர் கூரையைப் பார்த்தார், பள்ளிக்கூடத்துக் கூரை ஞாபகம் வந்திருக்கும். தர்மகர்த்தா வாகனத்தை நினைத்திருப்பார். கமக்காரர் இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். யுத்தத்தில் எவ்வளவோ மௌனங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் துவக்கு ஒரு காரணம். இங்கே யாரிடம் துவக்கு இருந்தது? கொடுக்கிற கை கோபித்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் பயம். அதற்காக ஒரு ஊர் தன் குடிதண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருந்தது.

அப்போது அக்கா பின்வரிசையிலிருந்து எழும்பினார்.

“தம்பி, அந்தப் படத்தை இன்னொருக்காக் காட்டும்.”

சுவிஸ்காரர் தானே நடந்துபோய்க் காட்டினார். அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

“அந்தக் கை ஆரின்ர எண்டு தெரியுமோ?”

“தெரியாது அக்கா.”

“எனக்கும் தெரியாது. ஆனா ஏன் வெளியில நிக்குதெண்டு தெரியும்.”

மண்டபத்தில் கதிரைகள் அசைகிற சத்தம் கேட்டது. அக்கா குரலை உயர்த்தாமல் நான்கைந்து வசனத்தில் சொல்லிமுடித்தார். யார் மேடையில் ஏறினார்கள், யார் ஏறவில்லை, எங்கே குடம் வைத்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள். பெயர் ஒன்றும் சொல்லவில்லை.

சுவிஸ்காரரின் முகம் சிவந்தது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று அப்போது விளங்கியது. தீவுக்கு வெளியே வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டனாரின் தர்மத்தைச் சொன்னவர்கள் பீலியின் கதையைச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன். அவர் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்:

“அதுக்குத்தானே அக்கா இப்ப எல்லாருக்கும் ஓடவிடுறம்! இனி ஆரும் ஊத்தத் தேவையில்லை. தானா ஓடும்.”

கை தட்டினார்கள். பேசுவதற்கு ஒரு வசனம் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு அவர் ஒன்று கொடுத்துவிட்டார்.

“ஓடவேண்டாம் தம்பி,” என்றார் அக்கா. “உள்ளுக்க போய் அள்ளுறம். அது எங்களுக்குக் காணும். கிணத்தை இருக்கிறபடி விடும்.”

“நீர் இரும்,” என்றார் செயலாளர். “பழசைக் கிளறி என்ன பிரயோசனம்?”

“பழசைக் கிளறுறது நானோ? அடைச்ச பீலியைக் கிண்டப் போறது நீங்கள்.”

தேத்தண்ணியும் வடையும் வந்தன. தேத்தண்ணி அக்காவின் கடையில் சொல்லிவைத்தது.

வேலை வைகாசியில் தொடங்கியது. பீலி வாயிலிருந்த சீமெந்தை ஒரு இளைஞன் உளியால் உடைத்தெடுத்தான். பழைய மதிலை உயர்த்தி மேலே கம்பி வைத்தார்கள். மாட்டு வாசலில் இரும்புக் கேற் வந்தது. மோட்டரும் மாபிளும் பழுதாகாமல் இருக்கவாம். கயிறும் கப்பியும் போய்க் கிணற்றுக்கு மேல் கம்பிவலை வந்தது. பிள்ளைகள் விழாமல் இருக்கவாம். மாட்டுத் தொட்டிக்குள் பூச்செடி நட்டார்கள். கறுப்புக் கல்லில் பாட்டனாரின் படத்தை வெட்டினார்கள். தாகித்தவர் எவரென்று பாராமல் தண்ணீர் தந்த தர்மவான் என்று கீழே எழுதினார்கள். படத்தின் ஓரத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கைகளும் இல்லை. கல் வெட்டியவன் அழகுக்காக எடுத்திருப்பான், அல்லது யாராவது எடுக்கச் சொல்லியிருப்பார்கள். எப்படியோ, பீலி இருந்தது, தண்ணீர் இருந்தது, அதை ஏந்தியவள் இல்லை.

அக்கா செயலாளரிடம் போய்க் கேற்றுத் திறப்பில் ஒன்று கேட்டார். விடியக் கடைக்கு அள்ளவேண்டும் என்றார்.

“எல்லாருக்கும் ஒரே சட்டம்,” என்றார் செயலாளர். “இனி ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை. தேவையான ஆக்கள் பீலியில பிடியுங்கோ. உமக்கு இன்னும் வசதிதானே, கடைக்கு முன்னாலயே விழுது.”

“அந்தப் பீலியில நான் வாளி வைக்கமாட்டன்.”

“அது உம்மட பிடிவாதம்.”

அக்கா வைக்கவில்லை. விழா நடந்த பிறகு, கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் வாளியில் பிடித்துக்கொண்டுவந்து கொடுப்பார். பஸ் கொண்டக்டர், ஆசிரியர், சில நாட்களில் நான். அக்கா வாங்கிக் கேத்தலில் ஊற்றுவார். யார் பிடித்துக் கொடுத்தாலும் அவர் தானாக வீதியைக் கடக்கமாட்டார்.

பீலி ஓடியது. யாத்திரீகர் பஸ்கள் நின்றன. பிள்ளைகளை மாபிளில் ஏற்றிப் படம் எடுத்தார்கள், கால் கழுவினார்கள், வந்த வான்களைக் கழுவினார்கள். ஒரு மத்தியானம், முன்பு கயிறு சுற்றி வைக்கிற நேரம், ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைப் பீலிக்குக் கீழே நிறுத்திவிட்டு நிழலில் இருந்து பீடி பற்றவைத்தார். தண்ணீர் சைலன்சரில் விழுந்துகொண்டிருந்தது.

புரட்டாதி தொடங்கிய நாட்களில் ஒரு காலை. கொண்டக்டர் ஒரு முடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னக்கா, வீட்டில ஏதும் பிரச்சினையோ? அழுது அழுதே தேத்தண்ணி ஊத்தினனீங்கள்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு அவருடைய கிளாசை வாங்கி வாயில் வைத்தார். சிரிப்பு நின்றது. கேத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வீதி ஓரத்தில் முழுவதையும் ஊற்றினார். பஸ் ஹோன் அடித்தது. தேத்தண்ணி குடிக்காமல் எல்லாரும் ஏறினோம்.

அன்று பின்னேரம் அக்காவோடு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

“மாரி வந்தாச் சரிவரும்,” என்றார் செயலாளர்.

“மாரி வரேக்க வரட்டும். மோட்டரை இப்ப நிப்பாட்டுங்கோ,” என்றார் அக்கா.

“நிப்பாட்ட ஏலாது. அவர் பாத்துக்கொண்டிருப்பார்.”

“ஆர்?”

மதிலுக்கு மேல் ஒரு கமரா பூட்டியிருந்தார்கள். களவுக்கு என்று நினைத்திருந்தோம். பீலியைப் பார்ப்பதற்காம். சுவிஸில் இருந்து போனில் பார்க்கிறாராம். காலையில் கோப்பியோடு ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை. தண்ணீர் நின்றால் உடனே அழைப்பு வருமாம்.

“ஓடுறதைப் பாத்தால்தான் அவருக்கு நித்திரை வரும்,” என்றார் செயலாளர். இதை ஒரு நியாயமாகச் சொன்னார்.

அங்கிருந்தே சுவிஸ்காரருக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“என்னண்ணை சொல்லுறியள்? நான் இப்பவும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். வடிவா ஓடுது.”

“ஓடுது. உப்பு.”

“உப்போ? கமராவில தெளிவா இருக்குதே அண்ணை.”

நான் போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “என்னத்தைச் சொல்ல? அந்தத் தம்பிக்கு நாக்கு அங்க, தண்ணி இங்க,” என்றார்.

மோட்டரை நிறுத்த அதற்குப் பிறகும் பல கிழமைகள் போயின. முதலில் வடிகட்டி என்றார்கள். பிறகு கிணற்றை ஆழமாக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடலை நோக்கி இன்னும் தோண்டச் சொன்ன அந்த மனிதர் ஒரு கமக்காரர். கூட்டத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்போது பேசாத வாய் இப்போது பேசியது. பீலியைச் சுற்றி மாபிளில் உப்பு வெள்ளைப் படையாகக் கட்டத் தொடங்கிய பிறகுதான், அது கமராவில் தெரிந்த பிறகுதான், சுவிஸ்காரர் நிறுத்தச் சொன்னார். அவர் அழுதார் என்று செயலாளர் சொன்னார். அழுதிருப்பார். அவருடைய கண்ணீரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மாரி வந்தது. நல்ல மழை. வீட்டுக் கிணறுகள் மேலே வந்தன. சந்திக் கிணற்றிலும் தண்ணீர் உயர்ந்தது. உப்புத்தான் உயர்ந்தது. தைப்பொங்கலுக்கு ஒருவரும் அதில் பானை வைக்கவில்லை.

யாரையும் யாரும் கேட்கவில்லை. குழு கலையவில்லை. சுவிஸ்காரர் ஒரு பெரிய பிளாஸ்ரிக் தாங்கி வாங்கிக் கொடுத்தார்; அதைக் கேற்றுக்கு உள்ளே, மேடையில் வைத்தார்கள். பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து தாங்கியை நிரப்புகிறது. தாங்கியிலிருந்து ஒரு குழாயைப் பீலியின் உட்குழிக்கு விட்டிருக்கிறார்கள். செயலாளரின் ஆள் உள்ளே நின்று பைப்பைத் திறக்கிறான். நாங்கள் வெளியே, மாபிளில், வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறோம். அதிபர் நிற்கிறார். தர்மகர்த்தாவின் மருமகள் நிற்கிறார். நான் நிற்கிறேன். ஆள் தேத்தண்ணி குடிக்கப் போனால் வரும்வரை நிற்கிறோம். மதிலுக்கு மேலால் அவனுடைய தலை மட்டும் தெரியும்.

அக்கா அந்த வரிசையில் இல்லை. பிறர் பிடித்துக் கொடுத்தாலும் இப்போது வாங்குவதில்லை. தீவின் மற்றக் கரையில், தெரிந்த ஒரு வீட்டில், வளவுக் கிணறு இன்னும் நல்ல தண்ணீர். வீட்டுக்காரர் தங்களுக்கு அள்ளி முடித்த பிறகு அள்ளச் சொல்லியிருக்கிறார்கள். விடிய இரண்டு பிளாஸ்ரிக் தண்ணீர்க் கானோடு சைக்கிளில் போகிறார். போகும்போது ஏறி ஓடுகிறார், வரும்போது உருட்டிக்கொண்டு வருகிறார்.

“அங்க உள்ளுக்க விடுகினமோ?” என்று கேட்டேன்.

“ஓம். நானே அள்ளுறன்.”

கடை இப்போது ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது. முதல் பஸ் ஆறு மணிக்குப் போய்விடுகிறது.